மணி என்ன?

ஈப்போவிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை, கேமரன் மலைக்கென ஒரு கிளையைப் பிரித்தனுப்பிவிட்டு, சுண்ணாம்புக் குன்றுகளை உடைத்தேற்றிச் செல்லும் லாரிகளின் வெண்புழுதியில் சற்றே தும்மும் இடந்தான் சிம்பாங் பூலாய். இங்குள்ள தாமான் வீடொன்றின் முன்தாழ்வாரத்தில், மூக்குக்கண்ணாடியை நாசிநுனிக்கு இறக்கிக்கொண்டு, உதடு மட்டும் அசைய வீற்றிருக்கும் அம்மையாரைக் கண்டு, நாமஜபம் செய்கிறார் என்று கைகூப்பிவிடாதீர்கள். அவர் பாசிமணி கோத்துக்கொண்டிருக்கிறார்.

பிற மாலைகளில் கோத்து முடித்தால் வேலை முடிந்தது. குரோஷா மணிவேலையிலோ கோப்பது வெறும் பாயிரம். இரண்டு மில்லிமீட்டர் மணிகள் ஆயிரத்துக்கு மேல், கடைசியில் கோத்தது முதலில் வரும் என்ற தலைகீழ்க் கணக்கில் நூலேறிய பின்னரே கொக்கியூசி கையில் ஏறும். அப்புறம் சுற்றுக்கு ஆறு மணியாக, முன்சுற்று மணி ஒவ்வொன்றின் கீழும் ஊசியை நுழைத்து, ஒரு மணியைத் தள்ளி, ஒரு கண்ணியை இழுக்க வேண்டும். கற்றுக்குட்டிகள் ஆறு நிறம் எடுத்துக்கொண்டு, சிவப்பின்மேல் சிவப்பு விழுகிறதா என்று பார்த்தே பிழைக்கிறார்கள். நம் அம்மையாரோ, கொக்கி பிடிக்கத் தெரியுமுன்பே, செக் நாட்டு மணி ஏறுமாறு, ஹிரோஷிமா மாநிலத்து மியுக்கி மணியே உத்தமம் என்று வித்வத் சபையில் பேசத் தேர்ந்துவிட்டார்.

கணவர் பாவம், மாலையில் கோப்பிக்காகக் காத்திருந்து, "ஏம்மா, மணி என்ன?" என்று கேட்டார்.

"நானூத்தி இருபது! பேசாதீங்க, எண்ணிக்கை தப்பிரும்."

முதல் மூன்று சுற்று எவர் கையிலும் கொசு மொய்த்த நூலுருண்டைபோலத்தான் இருக்கும். அது ஒருவாறு கயிறாய் உருப்பெற்றதும் தாயாரிடம் காட்டினார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய அந்த மூதாட்டி, மரத்தைச் சுற்றிச் சரிந்திறங்கும் வெட்டின் ஒழுங்கைக் கண்ணிலேயே வைத்திருப்பவர், கயிற்றை ஒருமுறை உருட்டிப் பார்த்து, "கோடு கோணிருச்சே, ஆயி! எங்க கங்காணி பாத்திருந்தா அரைநாள் சம்பளத்தப் புடிச்சிருப்பாரு" என்றார். எண்ணிப் பார்த்தால், ஓரிடத்தில் நீலம் ஒன்று கூடுதல்.

பிழையை வேறெவரும் காணார். ஆனால் இந்த ஜாதிக் கலைஞருக்கு அதை மறைக்கும் சாமர்த்தியம் கிடையாது. சென்ற மாதம் கல்யாண மண்டபமொன்றில், 916 தங்கம் ஜொலிக்கும் கழுத்துகளுக்கிடையே அம்மாலை துணிந்து நின்றது. பக்கத்து நாற்காலிப் பெண், "அழகா இருக்குக்கா" என்று சொன்னதுதான் தாமதம், அம்மையார் மாலையைத் திருப்பி, "அழகா? இந்த நீலத்தப் பாரு" என்று விரல்வைத்துக் காட்டினார். காட்டிய பின் அவருக்கே பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து சிறு குறடொன்றை எடுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, அவ்வுபரி மணியை நொறுக்கினார். மேளம் ஓய்ந்திருந்த அக்கணத்தில் அந்த 'டிக்' என்ற ஒலி தெளிவாய்க் கேட்டது.

முன்வரிசைப் பெரியவர் முகூர்த்த நினைவில் திரும்பி, "மணி என்னம்மா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணு கொறஞ்சிருச்சு, ஐயா. இப்ப கணக்கு சரி."