மேசையைப் பிடுங்குன மவராசன்

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ஒங்க கம்பெனியில சுவத்தை எல்லாம் இடிச்சுட்டு, இனிமே ஆருக்கும் சொந்த மேசை கெடையாதுன்னுட்டாவளாமே? காலையில போயி, காலியாக் கெடக்குத எடத்தைப் புடிச்சுக்கிடணுமாம். திருவிழா பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்குத மாதிரி. இதுக்கா பட்டணத்துல போயி படிச்சே?

புதுசுன்னு மட்டும் நெனைச்சுக்கிடாத. அமெரிக்காவுல, லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜே சியாட்டுன்னு ஒரு விளம்பரக் கம்பெனி மொதலாளி. 1990கள்லயே இந்தக் கூத்தைப் பண்ணிப் பாத்துட்டாரு. கட்டட வாசல்ல, கட்டட ஒசரத்துக்கு ஒரு பைனாகுலர நட்டு வச்சிருந்தாவ. உள்ள போனா ஒருத்தனுக்கும் மேசை கெடையாது. லேப்டாப்பையும் போனையும் காலையில வரிசையில நின்னு வாங்கணும், சாயங்காலம் குடுத்துட்டுப் போவணும். சனம் சும்மா இருக்குமா? காகிதக்கட்டைக் கார் டிக்கியில போட்டு வச்சுக்கிட்டு, வேணுங்கும்போதெல்லாம் காருக்கு ஓடுச்சு. பக்கத்துல வீடு உள்ளவன் விடியமுன்ன வந்து போனை வாங்கி ஒளிச்சு வச்சுட்டு, திரும்பப் போயிப் படுத்துக்கிட்டான். 1998ல கம்பெனி வேற எடத்துக்குப் போச்சு. மேசையும் கூடவே வந்துட்டு.

‘சுவரை எடுத்தா சனம் கூடிப் பேசும்’பான் ஒங்க மேனேசர். ஆளுக கழுத்துல கருவியைத் தொங்கவிட்டு ஹார்வர்டு யுனிவர்சிட்டிக்காரவுக அளந்தே பாத்துட்டாவ. ரெண்டு பெரிய கம்பெனி. சுவரு போன பெறவு, முகத்தைப் பாத்துப் பேசுதது ஏறத்தாழ 70 சதவீதம் கொறஞ்சு போச்சுன்னு 2018ல எழுதிட்டாவ. மெயிலுதான் கூடிட்டு. பின்ன? ஊரே பாத்துக்கிட்டு இருக்கும்போது நீ என்னத்தப் பேசுவ? காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டுக் கம்முன்னு இருப்ப.

நல்லா வேலை நடந்த எடம் எதுன்னு கேளு, சொல்லுதேன். அதே அமெரிக்காவுல எம்.ஐ.டி.ன்னு பெரிய படிப்பு மடம். அங்க 1943ல, சண்டை நேரத்துல, ராடார் ஆராய்ச்சிக்கு அவசர அவசரமா மரத்துல ஒரு கட்டடம் எழுப்புனாவ. இருபதாம் நம்பரு. சண்டை முடிஞ்சா பிரிச்சுரலாம்னு கட்டுனது, 1998 வரைக்கும் நின்னுச்சு. அழகுன்னு சொல்ல ஒண்ணும் கெடையாது. ஆனா, அங்கன ஒருத்தன் சுவத்துல ஓட்டை போட்டு வயரை இழுத்தா ‘ஏம்லே’ன்னு கேக்க நாதி கெடையாது. சக்காரியாஸுன்னு ஒரு விஞ்ஞானி, அணுக்கடிகாரம் செய்ய ஒசரம் பத்தலைன்னு மேல்தளத்தையே பேத்துப்புட்டாரு! மொழியை ஆராயுத சாம்ஸ்கியும் அந்தக் கட்டடத்துலதான், பொம்மை ரயில் விட்ட பயலுவளும் அங்கனதான். வழவழன்னு பளிங்குல கட்டியிருந்தா ‘தொடாதே’ன்னு பலகைல்லா தொங்கியிருக்கும்? ஆரும் சீந்தாத கட்டடம். அதான் அவனவன் தன் சோலிக்குத் தக்கன ஆக்கிக்கிட்டான்.

ஒங்க ஆபீசுல ஒரு ஆணி அடிக்க எத்தனை பேருகிட்ட கையெழுத்து வாங்கணும்?

நாளைக்குப் போனதும் ஒண்ணு பாரு. மேசை வேண்டாம்னு சொன்ன மேனேசருக்குக் கதவு வச்ச ரூம் இருக்கான்னு பாரு. இருந்துச்சுன்னா மெல்லத் தட்டி, ‘ஐயா, இடிக்கும் முன்ன எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா?’ன்னு கேட்டுட்டு வா.