மூன்றரை அங்குல மேதை

நீர்வண்ண ஓவியத்தில் வெள்ளையைப் பூசுவது கௌரவக் குறைச்சல். மேகம் வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். தாளின் வெள்ளைதான் மேகம். ஒன்றும் செய்யாமல் இருப்பதைத் திறமை என்று ஒப்புக்கொள்ளும் கலை உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், ஓய்வு பெற்ற கையோடு தூரிகை வாங்கிவிட்டேன்.

தாளும் வாங்கினேன். 300 ஜிஎஸ்எம், 22க்கு 30 அங்குலம். விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன். அந்தப் பாதிக்கே இரண்டு நாள் ரசத்தில் உப்பில்லை.

பாதி காய்ந்த வண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நெளிநெளியாக விளிம்பு கட்டிவிடும். ஓவியர்கள் அதைக் காலிஃபிளவர் என்பார்கள். என் மெரினா சூரியோதயத்தில் வானம் முழுக்கப் பூத்திருந்தது. மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"என்னங்க, பீச்சுல காய்கறிக் கடையா?"

ரசனை இல்லாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று நான் ஒதுங்கிய சமயத்தில்தான் ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு பற்றித் தெரியவந்தது. 1997இல் சூரிச் நகரத்தில் ஸ்டிர்னெமன் என்ற கலைஞர், விளையாட்டு வீரர் படம் போட்ட சீட்டுகளின் அளவில், இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்தில், 1,200 அட்டைகளைக் கையாலேயே செய்து காட்சிக்கு வைத்தார். வேண்டும் என்று கேட்டவர்களிடம், நீங்களும் செய்து கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்வோம் என்றாராம். விற்பனை கிடையாது, அட்டைக்கு அட்டைதான். சின்ன வயதில் நாங்கள் தீப்பெட்டிப் படத்தில் நடத்திய அதே வியாபாரம்.

விற்கக் கூடாது என்ற விதியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை என் படங்கள் விற்காமல் இருந்தன. அன்று முதல் நான் விற்பதில்லை. அதே அளவில் செய்து காசுக்குக் கொடுப்பவர்களும் உண்டு, ஏசிஇஓ என்று அதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. அவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மெரினாவைக் கவிழ்த்துப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். அட்டையை ஒரு பக்கமாக வைத்தால் 64 தேறும், திருப்பி வைத்தால் 72. திருப்பி வைத்தே வெட்டினேன். முழுத் தாளில் பிழை கூடத்திலிருந்தே தெரியும்; மூன்றரை அங்குலத்தில் அதைக் கண்டுபிடிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். துண்டான சூரியன் ஒவ்வொரு அட்டையிலும் நவீன ஓவியமாகிவிட்டது. பின்பக்கம் தலைப்பு, பெயர், தேதி, எண் எல்லாம் எழுத வேண்டும் என்பது மரபு. தலைப்பு வைப்பதில் எனக்கு நிகர் கிடையாது. 'விடியலின் வினா' என்று மட்டும் பதினாறு இருக்கிறது.

வினை வேறு ரூபத்தில் வந்தது. மிச்சம் விழுந்த வெற்று அட்டைகளை மனைவி எடுத்துக்கொண்டாள். பழைய பட்டுப்புடவையின் ஜரிகை, ரவிக்கைத் துணி, பேரன் ஸ்வெட்டருக்கு வாங்கியதில் மீந்த நூல் என்று வைத்துத் தைத்தாள். பிறகு அட்டையில் கிளி செய்யக் கம்பளிப் பஞ்சும் அதற்கென்று இருக்கும் ஊசியும் வந்தன. ஊசியில் பொடிப்பொடியாக வெட்டுகள். கம்பளி இழையிலோ கண்ணுக்குத் தெரியாத செதில்கள். குத்தக் குத்த இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டிப்படும். நான் கலையைப் பற்றிப் பேசும்போது அவள் குத்தும் வேகம் கூடுவதைக் கவனித்திருக்கிறேன். அன்றைக்குக் கிளி நன்றாக அமைந்துவிடுகிறது.

எதிர் ஃபிளாட் மாமி கோலம் போட்ட அட்டைகளோடு மாற்றிக்கொள்ள வருகிறார். மாடிவீட்டுப் பெண் வருகிறாள். எல்லோருக்கும் கிளிதான் வேண்டும். நான் என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் என் அட்டைகளும் நகரத்தான் செய்கின்றன. கிளியை உறையில் போட்டுக் கொடுக்கும்போது மனைவி என் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து உள்ளே செருகிவிடுகிறாள். கொசுறாம். காசு வாங்கவில்லை என்பதால் விதிமீறலும் இல்லை. நேற்று மாமி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார், "இது ஏற்கெனவே இருக்கு" என்று.