கார்டு ஏற்றுக்கொள்ளும், சட்டம்?

கேள்வி: வெளிநாட்டு ஃபாரெக்ஸ் ஆப் ஒன்று கிரெடிட் கார்டில் பணம் போடச் சொல்கிறது. போடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கார்டு ஏற்றுக்கொள்ளும், சட்டம் ஏற்றுக்கொள்ளாது. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுத் தளத்துக்கு மார்ஜின் பணம் (வர்த்தகத்துக்கான ஈட்டுத்தொகை) அனுப்ப ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் அனுமதியில்லை. மீறினால், அனுப்பிய தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். லாபத்துக்கு உத்தரவாதம் கிடையாது, அபராதத்துக்குச் சட்டப்பிரிவே இருக்கிறது!

கணக்கையும் பாருங்கள். கார்டில் போடுவது கடன் பணம். அதன்மேல் 100 மடங்கு லீவரேஜ், அதாவது போட்டதைப்போல 100 மடங்குக்கு வர்த்தகம் செய்யலாம் என்று ஆசை காட்டுவார்கள். விலை 1 சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தாலே போட்டது முழுக்கக் காலி. பணம் போன பிறகும் கார்டு பில் மட்டும் தேதி தவறாமல் வரும், வட்டியோடு.

ரிசர்வ் வங்கி 2022 முதல் அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதில் பெயர் இல்லாததாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது.

திருப்பூர் என்கிறீர்கள். பனியன் ஏற்றுமதியில் டாலர் வரவேண்டியிருந்தால், உங்கள் வங்கியிலேயே ஃபார்வர்ட் ஒப்பந்தம் போட்டு இன்றே விலையை உறுதி செய்துகொள்ளலாம். மேனேஜரிடம் கேளுங்கள், கார்டு பர்ஸிலேயே இருக்கட்டும்.