காசு கொடுத்து வாங்கிய ஒற்றன்

கேள்வி: நாம் டி.வி. பார்க்கிறோம், சரி. டி.வி. நம்மைப் பார்க்குமா?

பதில்: பார்த்ததோடு, அந்த விவரங்களை விற்றும் இருக்கிறது! அமெரிக்காவின் விசியோ நிறுவன ஸ்மார்ட் டி.வி.கள், திரையில் ஓடியதை நொடிக்கு நொடி கவனித்தன. திரையின் சில புள்ளிகளை எடுத்து, கைவசமுள்ள நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால் போதும்; கேபிளோ, டி.வி.டி.யோ, எல்லாம் அம்பலம். இப்படி 1.1 கோடி டி.வி.கள்!

டி.வி. வாங்கியவர்களிடம் கேட்டார்களா? இல்லை. மெனுவில் ‘ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி’ என்ற வசதியின் பெயரில்தான் இந்தக் கண்காணிப்பு நடந்தது. நிகழ்ச்சிகளைப் பரிந்துரைக்கத்தான் என்று விளக்கம் வேறு.

2017-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் நியூஜெர்சி மாநிலமும் வழக்குப் போட்டன. 22 லட்சம் டாலர் கட்டிச் சமாதானமாகப் போனது விசியோ. 2016 மார்ச்சுக்கு முன் சேர்த்த விவரங்களை அழிக்கவும், இனிமேல் தெளிவாகக் கேட்டுச் சம்மதம் வாங்கவும் உத்தரவு.

உங்கள் ஸ்மார்ட் டி.வி.யிலும் செட்டிங்ஸைத் திறந்து, பார்ப்பதைக் கண்காணிக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். சீரியல் நிற்காது!