ஈஜிபுரா என்னும் நீர்க்கரை நகரம்: மாலை உலா பற்றிய ஓர் ஆராய்ச்சி

நீர்க்கரை நகரம் ஒன்றை மாலை வேளையில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது இன்று உலகமெங்கும் நன்றாக விலைபோகிற சரக்கு. சிங்கப்பூரில் ஆற்றுப் படகில் ஏற்றி மெரினா வளைகுடாவைக் காட்டுகிறார்கள். துபாயில் மரக்கலத்தில் உட்காரவைத்து, சாப்பாடும் போட்டு, கண்ணாடிக் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். இவற்றை ஒப்புநோக்கினால் மாலை உலாவுக்கு உறுப்புகள் நான்கு என்பது தெளியும்: பக்கத்தில் தண்ணீர், எதிரே விளக்கு, அவசரமில்லாத வாகனம், வாய் ஓயாத ஒருவர். இந்த நான்கும் ஒருங்கே அமைந்த மாலை உலா ஒன்று பெங்களூரில், கோரமங்களா கேந்திரிய சதன் சந்திப்பிலிருந்து ஈஜிபுரா சிக்னல் வரையுள்ள சுமார் இரண்டரை கிலோமீட்டரில் நாள்தோறும் நடக்கிறது என்பதும், ஆகவே ஈஜிபுரா ஒரு நீர்க்கரை நகரம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், கடலும் இல்லாமல் பேராறும் இல்லாமல் கிடக்கிற ஊரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகாதவர்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம், ஆராய்ச்சி என்றால் பெயரில் தொடங்குவதே மரபு. கன்னடத்தில் ‘ஈஜு’ என்றால் நீந்து என்று பொருள். தெலுங்கின் ‘ஈது’, தமிழின் ‘நீந்து’ இரண்டும் அதற்கு உறவுமுறை. ‘ஈஜி’ என்பது எச்சம், அதாவது ‘நீந்தி’. ஆகவே ஈஜிபுரா என்றால் நீந்திப் போய்ச் சேரவேண்டிய ஊர் என்றாகிறது. ஒலி ஒத்திருப்பதை வைத்துப் பொருள் சொல்வது தகாது என்று மொழிநூலார் கடிந்துகொள்வார்கள். கடிந்துகொள்ளட்டும். தகாத வழியில் கிடைத்த பொருள் இவ்வளவு பொருத்தமாக இருப்பது அவர்களுக்கும் கொஞ்சம் சங்கடம்தான். பெயரை விட்டுத் திணைக்கு வந்தாலும் முடிவு மாறுவதில்லை. நெய்தலுக்குத் தெய்வம் வருணன், சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல், நிலம் மணல் பரந்தது என்று வகுத்திருக்கிறார்கள். ஈஜிபுரா உள்வட்டச் சாலையில் பொழுது சாயும் நேரத்தில் நிற்கிற எவரையும் பாருங்கள். மேலே கருக்கிக்கொண்டு வருணன், சாலையோரத்தில் மேம்பால வேலைக்குக் கொட்டிய மணல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இரங்கல். முதலும் கருவும் உரியும் பொருந்திவிட்டன. புன்னையும் கடற்காகமும் இல்லையே என்றால், திணைமயக்கம் என்று ஒன்றை இலக்கணக்காரர்கள் முன்யோசனையோடு ஏற்பாடு செய்துதான் வைத்திருக்கிறார்கள்.

இனித் தண்ணீர். சிங்கப்பூர் கடலைத் தூர்த்து நிலமாக்கிய ஊர். ஒரு காலத்தில் 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த தீவு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. மெரினா வளைகுடாவின் கரைகளும் அப்படித் தூர்த்து உண்டாக்கியவையே. 2008-இல் திறந்த தடுப்பணை அந்த வளைகுடாவை நன்னீர்த் தேக்கமாகவும் ஆக்கிவிட்டது. நீர்க்கரைக்கு இயற்கை அவசியமில்லை, பொதுப்பணித்துறை போதும் என்பது இதனால் பெறப்படும். பெங்களூரும் இதே கலையில் கைதேர்ந்ததுதான், எடுத்துக்கொண்ட பொருள் மட்டும் வேறு. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. செல்லகட்டா ஏரியில் இன்று கோல்ஃப் பந்து உருள்கிறது. ஈஜிபுராவுக்குப் பக்கத்திலேயே கோரமங்களாவில் ‘எஸ்.டி. பெட்’ என்றொரு குடியிருப்பு இருக்கிறது. விரித்தால் ஸ்ரீநிவாகிலு டேங்க் பெட், அதாவது ஸ்ரீநிவாகிலு ஏரிப்படுகை. மனைப் பத்திரத்திலேயே ‘இது ஏரி’ என்று எழுதிக் கொடுத்து விற்ற நேர்மையை உலகில் வேறெங்கும் காண்பது அரிது. சிங்கப்பூர்க்காரன் தூர்த்த இடத்துக்குக் கடல் திரும்பி வருவதில்லை. பெங்களூரில் தூர்த்த இடத்துக்கு ஏரி, பழைய வீட்டுச் சாவியை இன்னும் கையில் வைத்திருக்கிற உறவுக்காரரைப் போல, ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்து போகிறது. உலாவுக்கு எது சுவை என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

ஏரி ஒன்றுதான் என்று நினைக்கவேண்டாம், ஈஜிபுராவில் ஆற்றுச் சங்கமமும் உண்டு. இது இதுவரை தல புராணத்தில் ஏறாதது வியப்பே. இந்த ஊர்க் குழாயில் வருகிற காவிரி, தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் பம்பால் ஏற்றப்பட்டு வருகிறது. முதல் கட்டக் காவிரி வந்தது 1974-இல். பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருப்பதால் மேற்குச் சரிவின் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கே திரும்புகிறது. ஈஜிபுரா கிழக்குச் சரிவில் இருக்கிறது. அங்கே ஒருவர் குளித்துவிட்ட காவிரி, கோரமங்களா பள்ளத்தாக்கின் ராஜகாலுவே என்னும் பெருவடிகாலில் இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து, தட்சிண பினாகினி என்ற பெயரில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தென்பெண்ணையாகிவிடுகிறது. காவிரி பெண்ணையாகும் இடம் ஈஜிபுராக் குளியலறை! ஒசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் அது நுரைத்து நிற்பதைப் படமெடுத்துப் போடாத செய்தித்தாள் இல்லை. அதற்கப்புறம் கிருஷ்ணகிரி, சாத்தனூர், கபிலர் வடக்கிருந்ததாகச் சொல்லும் திருக்கோவலூர், கடைசியில் கடலூர். 2018 முதல் இந்தப் பள்ளத்தாக்கின் கழிவுநீரில் ஒரு பங்கைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கும் அனுப்புகிறார்கள், அது கிளை உலா. இரு மாநிலமும் காவிரிக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, ஈஜிபுராவாசி தன் பங்கைத் தினமும் காலையில் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட்டுக்கொண்டேதான் இருக்கிறார். அந்தத் தண்ணீர் எந்த நிலையில் வந்து சேருகிறது என்பது வேறு கட்டுரைக்கு உரியது, அதில் நகைச்சுவை குறைவாகவே இருக்கும்.

மழை பெய்தால்தானே தண்ணீர் தெரிகிறது, மற்ற நாளில் ஏது நீர்க்கரை என்பது முதல் மறுப்பு. வெனிஸ் நகரத்துச் சதுக்கம் எல்லா நாளும் முழங்கால் நீரில் நிற்பதில்லை. நிற்கிற நாளைத்தான் உலகம் படம் பிடிக்கிறது. மேலும் படகு ஓடினால் அது நீர்க்கரை என்பதை யாரும் மறுக்க முடியாது. 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலைப் பக்கத்துப் பங்களாக் குடியிருப்புகளில் படகு ஓடியது, மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். டிராக்டர் உழவுக்கானது என்று நம்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு அது நீர்வழி ஊர்தி என்று காட்டியது பெங்களூர். நாற்றம் அடிக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. சிங்கப்பூர் ஆறு எப்படி நாறியது என்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்கவேண்டும். 1977-இல் தொடங்கிப் பத்தாண்டு அதைச் சுத்தம் செய்தார்கள். ஈஜிபுரா இன்னும் 1976-இல் இருக்கிறது என்று சொன்னால் போதும், காலவரிசைச் சிக்கல்தான், தகுதிச் சிக்கல் இல்லை. இரவு ஒளிக்காட்சி வேண்டுமென்றால் அதிலும் குறையில்லை. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியது. தண்ணீரின் மேல் விளக்கு அடித்துக் காட்ட மற்ற ஊர்களுக்கு மின்சாரம் வேண்டியிருக்கிறது.

வாகனத்தின் வேகத்துக்கு உலகக் கணக்கே சான்று. டாம்டாம் நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்குப் போட்ட நெரிசல் பட்டியலில், நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க லண்டனுக்கு 36 நிமிடம் 20 விநாடி, பெங்களூருக்கு 29 நிமிடம் 10 விநாடி, டப்ளினுக்கு 28 நிமிடம் 30 விநாடி. முதலாவது தேம்ஸ் கரை, மூன்றாவது லிஃபி கரை. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது மட்டும் வறண்ட மேட்டு ஊர் என்றால் ஆய்வாளன் எப்படி ஒப்புவான்? மூன்றும் ஓரினம் என்று கொள்வதே சிக்கனமான முடிவு. இது நகர மையம் முழுமைக்குமான சராசரி என்பதை மறக்கவேண்டாம். மாலை ஆறரைக்கு சோனி வேர்ல்ட் சிக்னலை நெருங்குகிறவர்கள் அந்தச் சராசரியைப் பொறாமையோடுதான் படிப்பார்கள். வண்டி நகர்வதில்லை, காட்சி நகர்கிறது. இடப்பக்கம் மசாலாபூரி வண்டிக்காரர் தட்டை நீட்டுகிறார். வாங்கியவர் தின்று முடித்துக் கை துடைக்கும்வரை அதே ஆட்டோ அதே இடத்தில் இருக்கிறது. முன்னால் நிற்கிற நூறு வண்டிகளின் சிவப்பு விளக்கும் சாலைக் குழியில் தேங்கிய தண்ணீரில் விழுந்து, ஒவ்வொரு பைக்கும் கடக்கும்போது கலைந்து, மறுபடி கூடுகிறது. மெரினா வளைகுடாவில் இதே பிரதிபலிப்பைப் படகிலிருந்து பார்க்கக் காசு கட்டவேண்டும்.

வழிகாட்டி யார் என்பதில்தான் அறிஞருக்குள் கருத்து வேறுபாடு வரக்கூடும். பேருந்து என்றால் நடத்துனர். ‘ஹோல்டான்’, ‘ரைட் ரைட்’ என்று சுருங்கச் சொல்லி விளங்கவைப்பது அவர் பாணி, சூத்திரம் போல. ஆட்டோக்காரரோ உரையாசிரியர், விரித்துச் சொல்வார். சிங்கப்பூர்ப் படகில் பதிவு செய்த குரல் ஒன்று சொன்னதையே சொல்லும். ஈஜிபுரா ஆட்டோவில் பயணியின் முகத்தைப் பார்த்து கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று எதிலும் தொடங்கி வேறெதிலும் முடிக்கலாம். ‘அந்தப் பில்லரு பாருங்க சார், அது நட்டப்போ என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸு. இப்ப ஹைஸ்கூலு. பொண்ணு வளந்த அளவுக்குப் பாலம் வளரல’ என்கிற வகை விளக்கத்தில் ஆண்டுக்கணக்கு, பொருளாதாரம், குடும்ப நிலவரம் மூன்றும் அடங்கிவிடுகின்றன. ‘மீட்டருக்கு மேல இருபது’ என்று கடைசியில் கேட்பதை வழிகாட்டிக் கட்டணம் என்று கொண்டால் மனம் நோகாது.

அவர் காட்டுகிற பில்லர் எது என்றால், அதுதான் இந்த உலாவின் தலையாய சின்னம். ஈஜிபுராவிலிருந்து கேந்திரிய சதன் வரையான மேம்பாலம் 2017-இல் தொடங்கியது, 2019-இல் முடிந்திருக்கவேண்டும். 2022-இல் ஒப்பந்தம் ரத்தாயிற்று. 2023-இல் வேறு ஒப்பந்ததாரர் வந்தார். இதைக் குறை என்று எழுதுகிறவர்கள் சிங்கப்பூர் வரலாற்றைப் படிக்காதவர்கள். அங்கே 1972-இல் நிறுவிய சிங்கமீன் சிலை, 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை, ஆற்றின் முகத்தில் கம்பீரமாக நீர் உமிழ்ந்துகொண்டிருந்தது. 1997-இல் எஸ்பிளனேட் பாலத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். பாலம் சிலையை மறைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் 2002-இல் அத்தனை எடையையும் பெயர்த்து 120 மீட்டர் தள்ளி வைக்கவேண்டியதாயிற்று. பாலத்தை முடிப்பதால் காட்சிக்கு என்ன கேடு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெங்களூரார் அந்த அனுபவத்தைக் கற்றிருக்கிறார்கள் என்றே கொள்ளவேண்டும். என்றாவது பாலம் திறந்துவிட்டால் இரண்டரை கிலோமீட்டரை நாலைந்து நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள், உலா அழிந்துவிடுமே என்று சிலர் வருந்துவதுண்டு. வருந்தத் தேவையில்லை. பெங்களூர் மேம்பாலங்கள் நெரிசலை ஒழிப்பதில்லை, மாடிக்குக் கொண்டுபோகின்றன. கீழே நின்று பார்த்த ஏரிப்படுகையை இனி மேலே நின்று பார்க்கலாம். இதற்குப் பார்வைமாடம் என்று பெயரிட்டு மற்ற ஊர்களில் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

இன்னும் ஒரு மறுப்பு உண்டு, கொஞ்சம் வலுவானது. உலாப் போகிறோம் என்பதே அறியாமல் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் காசு கட்டி ஏறியவர் படகில் என்ன செய்கிறார்? கைபேசியில் முகம் புதைத்திருக்கிறார், அவ்வப்போது தன் முதுகுக்குப் பின்னால் நகரம் தெரிகிறமாதிரி படம் எடுத்துக்கொள்கிறார். ஈஜிபுராப் பயணி நகரத்தைப் பார்த்தே தீரவேண்டியிருக்கிறது, வேறெங்கும் போகமுடியாததால். அறிவு இல்லாவிட்டாலும் அனுபவம் அவரிடம்தான் முழுமை.

எஞ்சி நிற்பது படகுத்துறையை எங்கே வைப்பது என்ற ஒரு கேள்விதான். ஏரி இருந்த இடத்தில் என்பது ஒரு கட்சி, அந்தந்த ஆண்டு தண்ணீர் நிற்கிற வாசலில் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் பெரும்பாலும் ஒரே இடம்தான் என்பதால் வழக்கை நீட்டவேண்டாம். ஆனால் இந்த ஆய்வின் முடிவு வீட்டுக்காரர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிற ஊர் அது. தரைத்தளத்துக்கு ‘நீர்க்கரை வீடு’ என்று போர்டு மாட்ட எத்தனை நேரம் ஆகும்?