இட்லியுள் மாத்திரை மறைத்தல்: ஓர் ஆய்வு

நாய் வளர்ப்பு குறித்து இதுவரை வெளிவந்த நூல்கள் அனைத்தையும் கற்றுத் தெளிந்து, அவற்றின் போதாமை கண்டு மனம் நொந்து இவ்வாய்வில் இறங்கினேன் என்று தொடங்குவதுதான் மரபு. நான் ஒரு நூலும் கற்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டும். அது விழுங்க மறுக்கிறது. ஆய்வுச் சிக்கல் இவ்வளவே.

ஆய்வு எல்லை: வடக்கே இரும்பு கேட், தெற்கே துணி துவைக்கும் கல், கிழக்கே எதிர்வீட்டு மாமா, மேற்கே வேப்பமரம். இதற்கு அப்பால் நாய் ஓடிவிட்டால் ஆய்வாளர் பொறுப்பல்லர்.

ஆய்வுப்பொருள்: டைகர். வயது 5, எடை 18 கிலோ. தாய் தெருமுனை டீக்கடையைச் சேர்ந்தது. தந்தைவழித் தரவுகள் கிடைக்கவில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. டைகருக்கு வெளியிடவில்லை. தபால்காரரோடு அதற்குள்ள உறவை வைத்துப் பார்த்தால் இனியும் வெளியிட வாய்ப்பில்லை.

பெயரியல்

என்னை இந்த ஆய்வுக்குள் தள்ளிவிட்டவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். டைகரை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கி வந்த அன்று, “நாய்க்குட்டி சார்” என்று காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “குட்டி என்பது வழு. குருளை என்க” என்றார்.

தொல்காப்பிய மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைப்பெயர் குருளை என்றிருப்பது உண்மைதான். அன்றிலிருந்து ஆறு மாதம் நான் குருளை என்றே சொல்லிவந்தேன். பால்காரர் என்னைப் பார்த்த பார்வையையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு மழைநாளில் புத்தகத்தைப் புரட்டினால், அதே இடத்துக்கு இரண்டு நூற்பா தள்ளி, குட்டி என்றும் பறழ் என்றும் சொன்னால் தடையில்லை என்று இருக்கிறது! அடுத்த நூற்பாவரை படிக்கப் பொறுமை இருப்பவருக்கு ஆய்வாளராகும் தேவையே வராது போலும்.

அதற்கும் அடுத்த நூற்பா இன்னும் சுவையானது. இவற்றைப் பிள்ளை என்று சொன்னாலும் பிழையில்லை, நாயை மட்டும் அப்படிச் சொல்லலாகாது என்கிறது. என் மனைவி டைகரை “என் பிள்ளை” என்றுதான் கூப்பிடுகிறாள். நூற்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். “எழுதினவர் வீட்டில நாய் இருந்திருக்காது” என்றாள். மரபியலுக்கு நான் அறிந்த உரைகளில் இதுவே சுருக்கமானது, தெளிவானது.

உணவியல்

“நாய் ஓநாய் வம்சம். கறிதான் போடணும், சோறு ஆகாது” (எதிர்வீட்டு மாமா, காம்பவுண்டுச் சுவர், வாய்மொழி). எனின், அற்றன்று. ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாய்களிடமோ நான்கிலிருந்து முப்பதுவரை. மனிதனின் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்ததன் பலன் அது. இதை மாமாவிடம் சொன்னேன். “அப்ப சோறே போடுங்க, நான் சொன்னதும் அதுதான்” என்றார் (மேற்படி மாமா, மேற்படி சுவர், இரண்டாம் பதிப்பு, திருத்தப்பட்டது).

சோறு மட்டும் போட்டாலும் ஆகாது. முட்டை, எலும்பு நீக்கிய கோழி என்று புரதம் சேர வேண்டும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. தயிரில் அது குறைவு. நம் வீடுகளின் தயிர்சாதம் ஆராய்ச்சி எதுவும் இல்லாமலே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விலக்குவன: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர்ந்ததானாலும் சரி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நஞ்சு. சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் கொடிய நஞ்சு. வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஆகவே பிரியாணி, பாயசம், பிறந்தநாள் கேக் என்று நாம் அன்பு காட்டும் மூன்று வழிகளும் அடைபட்டன.

பயிற்சியியல்

தமிழ்நாட்டில் நாய்க்கு மட்டும் பயிற்றுமொழி ஆங்கிலம். பெற்ற தாயிடம் தமிழில் பேசுகிறவரும் நாயிடம் “சிட்” என்கிறார். அது உட்காராமல்போனால்தான் தாய்மொழிக்குத் திரும்புகிறார், அதுவும் அச்சிலேற்ற முடியாத பகுதிக்கு.

கருவியியல்

கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மற்றதெல்லாம் கடைக்காரரின் கற்பனை.

நடையியல்

நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே தணிக்க வேண்டும். சித்திரை வெயிலில் தார்ச்சாலை மேல் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதனாலும் முடியாது. மாமா பதினொரு மணிக்குத்தான் தம் நாயை இழுத்துக்கொண்டு போகிறார், காலில் செருப்போடு. செருப்பு மாமாவின் காலில்.

மாத்திரையியல்

இனி நூலின் உயிர்நாடிக்கு வருவோம்.

உருண்டைப்புழு தாயின் கருவிலேயே குட்டிக்கு வந்துவிடும், தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால்தான் பிறந்த இரண்டு வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். குட்டிக்காலத்தில் அடிக்கடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்தப் புழுவின் முட்டை மண்ணில் கலந்தால் அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கும் (இலக்கணப்படி பிள்ளைகள்) தொற்றும்.

மாத்திரை எத்தனை என்பது எடையைப் பொறுத்தது. டைகருக்கு அதன் இளமையில் டாக்டர் அரை மாத்திரை கொடுத்தார், அப்போது அது மெய்யெழுத்து. கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு மாத்திரை, குறில். இப்போது 18 கிலோவுக்கு இரண்டு மாத்திரை. ஆக டைகர் இன்று நெடில். கண்ணிமைக்கவோ கைநொடிக்கவோ ஆகும் நேரம் ஒரு மாத்திரை என்று இலக்கணம் சொல்கிறது. டைகர் வாயில் போட்ட ஒரு மாத்திரையைத் துப்ப எடுத்துக்கொள்ளும் நேரமும் சரியாக அதுவே. எழுத்ததிகாரம் எழுதியவர் வீட்டில் நாய் இல்லை என்ற என் மனைவியின் கருத்தை இந்த ஒரு சான்று ஐயத்துக்குள்ளாக்குகிறது. (அவள் ஏற்கவில்லை.)

இட்லியுள் மாத்திரையை மறைக்கும்போது இட்லி நிலைமொழி, மாத்திரை வருமொழி. இரண்டும் மாற்றமின்றி ஒன்றாக உள்ளே போவது இயல்பு. இதற்கு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. விகாரம் மூவகைப்படும்.

ஒன்று, தோன்றல். இட்லி மறைந்து மாத்திரை தரையில் தோன்றும். ஈரமாகத் தோன்றும். ஒரு முழு இட்லியை இரண்டே மெல்லில் தின்றுவிட்டு, நடுவிலிருந்த வெள்ளைப் பொருளை மட்டும் கீறல்படாமல் பிரித்து வெளியே வைக்கும் அந்த நாக்கின் நுட்பம் எந்தப் பதிப்பாசிரியருக்கும் வாய்த்ததில்லை. இடைச்செருகலை இவ்வளவு துல்லியமாக நீக்கியவர் எவரும் தமிழில் இல்லை.

இரண்டு, திரிதல். மாத்திரையை அம்மியில் நுணுக்கித் தயிர்சாதத்தில் பிசைந்தோம். “கசப்பு தெரியாது, தயிர் மூடிடும்” (அத்தை, அடுப்படி, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது கூறியது, ‘தெரியாது’ என்பது ‘தெரியும்’ என்றும் கேட்டிருக்கலாம், பாடபேதம் கொள்க). டைகர் கிண்ணத்தை முகர்ந்தது, என்னை ஒருமுறை பார்த்தது, போய் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டது. அத்தையின் கொள்கை எங்கே தவறியது என்றால், மனிதருக்குச் சுவைமொட்டு சுமார் 9,000, நாய்க்குச் சுமார் 1,700. நாயை நாக்கில் ஏமாற்றுவது எளிது. ஆனால் பண்டம் நாக்குக்குப் போவதற்கு முன் மூக்கு என்றொரு சோதனைச்சாவடி இருக்கிறது, அங்கே யாருடைய சிபாரிசும் எடுபடாது. வெல்லத்தில் வைத்தோம். வாழைப்பழத்தில் வைத்தோம். “கருவாட்டுக்குள்ள வெச்சா நாயென்ன, நானே முழுங்கிடுவேன்” (மாடிவீட்டு அக்கா, மொட்டைமாடி உரைகள், வடகம் காயப்போட்ட நாள், மூன்றாம் பாய், கிழக்கு ஓரம், காக்கை விரட்டியதால் நடுவில் இரு சொற்கள் சிதைந்தன, அவை காக்கையை நோக்கியவை என்று ஒருசாராரும் என்னை நோக்கியவை என்று மறுசாராரும் கொள்வர், இரண்டாவதே பொருந்தும் என்பது அப்போது கீழே கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவியின் துணிபு, அதற்கு அவள் ஆதாரம் காட்ட மறுத்துவிட்டாள்). கருவாடு போயிற்று. மாத்திரை நின்றது.

மூன்று, கெடுதல். இதில் வருமொழி எங்கே போனதென்றே தெரியாது. சென்ற தவணையில் நிகழ்ந்தது இதுதான். காலை ஏழரை மணி. தட்டில் ஆறு இட்லி. இரண்டில் மாத்திரை வைத்து விரலால் மூடி மெழுகிவிட்டேன். மெழுகிய தடம் தெரியாதபடி செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. முதல் மாத்திரை தோன்றல் விகாரமாகத் தரைக்கு வந்தது. அப்போது பேராசிரியர், மரபியல் குறித்து என்னிடம் கடன்வாங்கிய புத்தகத்தைத் திருப்பித்தர வந்தார். உபசரிப்பால் ஆய்வு சற்றுத் தடைப்பட்டது.

இங்கே பாவ்லோவைக் குறிப்பிடாமல் போனால் ஆய்வுரை செல்லாது. மணியடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்தவர் என்று எல்லாரும் அவரை மேற்கோள் காட்டுவார்கள். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு என்பதை அவர்களில் பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் மணி தேவைப்படவில்லை. மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம் சமையலறையில் கேட்டால் போதும், கூடத்தில் தூங்கும் டைகர் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். சில சமயம் அத்தை தன் பிரஷர் மாத்திரையைப் பிரித்தாலும் போய்விடுகிறது. வீட்டு மாத்திரை என்றதும் இன்னொன்று. காய்ச்சலாக இருக்கிறதே என்று நமக்கான பாரசிட்டமாலை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன் கல்லீரல் தாங்காது. நல்ல நாய்க்கே உடற்சூடு நம்மைவிட அதிகம், 102 பாரன்ஹீட் அதற்குச் சாதாரணம். இந்தப் பத்தியில் நகைச்சுவை இல்லை.

இவ்வளவு ஆய்வுக்குப் பிறகு டைகரை டாக்டரிடமே அழைத்துப்போனோம். டாக்டர் வரக்கூட இல்லை. அங்கே உதவிக்கு இருக்கும் தம்பி, இருபது வயது இருக்கும், காதில் ஒரு ஒயர் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்தான். இடக்கையால் மேல்தாடையை மேலிருந்து பிடித்து முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினான். வலக்கை விரலால் கீழ்த்தாடையைத் திறந்து, மாத்திரையை நாக்கின் நடுவில் அல்ல, வேருக்கருகில் வைத்தான். வாயை மூடிப் பிடித்தபடி தொண்டையைக் கீழ்நோக்கித் தடவினான். டைகர் மூக்கை நக்கிக்கொண்டது. “மூக்க நக்கினா முழுங்கிடுச்சுனு அர்த்தம் சார்” என்றான். ஒயரைக்கூடக் கழற்றவில்லை.

“வீட்ல கடிக்க வந்தா இப்டி பண்ணாதீங்க. மூணு துண்டு எடுத்துக்குங்க. மொதல்ல வெறுந்துண்டு, அடுத்தது மாத்திர வெச்சது, அத வாயில போடும்போதே மூணாவது துண்ட மூக்குக்கு நேரா காட்டுங்க. அடுத்தது வருதுங்கற அவசரத்துல ரெண்டாவத மெல்லாம முழுங்கிரும்.”

“எதுல வெக்கணும் தம்பி? இட்லியா?”

“பொறை போதும் சார். டீக்கடைல விக்கிதே, தண்ணில நனச்சு உருட்டிக்குங்க.”

இந்த முறையை வீட்டில் செய்து பார்த்தேன். பலித்தது. ஆயினும் ஆய்வுலகம் இதை ஏற்காது. முழு முறையும் நாலு வரியில் முடிந்துவிடுகிறது, முன்னோடி ஆய்வுகள் பற்றிய இயல் இல்லை, சொன்னவர் பெயருக்கு முன்னால் முனைவர் இல்லை. டைகரின் தாய் வளர்ந்த டீக்கடையில் விற்கும் பொறையையே டைகர் ஏற்றுக்கொண்டது மரபியல்சார் கூறா, பழக்கமா என்பதைப் பின்வருவோர் ஆராய்க. நிதி கிடைத்தால் நானே ஆராய்வேன்.

இறுதியாகக் கணக்கு. அன்று காலை தட்டில் இட்லி ஆறு. மாத்திரை வைத்தது இரண்டில். தரையில் கிடைத்த மாத்திரை ஒன்று. டைகர் தின்ற இட்லி ஒன்று, பேராசிரியர் சாப்பிட்டது நான்கு, மிஞ்சியது ஒன்று. மிஞ்சியதைப் பிட்டுப் பார்த்தேன். உள்ளே எதுவும் இல்லை.