ஓடுபாதையிலே ஒரு தவம்

1982-ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் தங்கள் 'ஃப்ளைட் சிமுலேட்டரை' வெளியிட்ட நாள் முதலாக, நாற்காலியை விட்டு எழுந்திராமலே ஆகாய சஞ்சாரம் செய்யும் பாக்கியம் மனித குலத்துக்கு வாய்த்திருக்க, என் சிநேகிதர் ஒருவரோ மூன்று மாத காலமாக ஓடுபாதையை விட்டு ஓர் அங்குலமும் கிளம்பினாரில்லை. செஸ்னா 172 விமானத்தின் உயரமானி, பக்கத்திலுள்ள செயற்கை அடிவானத்தைக் காட்டிலும் நான்கு புள்ளி தாழ்ந்து நிற்பது அவர் கண்ணை உறுத்துகிறதாம், ஆகவே 'பேனல்.சிஎஃப்ஜி' என்னும் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு மானிக்கும் உரிய ஸ்தானம், அகலம், உயரம் ஆகிய எண்களை, ஜாதகம் கணிக்கும் ஜோசியரின் சிரத்தையோடு திருத்திக்கொண்டிருக்கிறார். நேற்று உயரமானியை 29.92 அங்குலப் பாதரச அழுத்தத்துக்குத் திருப்பி வைத்தபோது, புறப்பட்டுவிடுவார் என்றே நம்பினேன்.

"எப்போது பறப்பதாக உத்தேசம்?" என்றேன்.

"முள்ளுக்கு நிழல் விழவில்லையே, ஸ்வாமி!" என்றார்.